பூசை எத்தனை மணிக்கு?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஞாயிறு பூசைக்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பங்கள் எங்கள் பங்கில் நிறைய இருக்கின்றன. அவர்களைத் திரும்ப அழைத்துவர ஒரு குழு தொடங்கச் சொல்லி, பங்குப் பேரவைச் செயலரான என் தலையில் பொறுப்பை வைத்துவிட்டார் பங்குத்தந்தை. மூன்று நாள் நற்செய்திப் பெருவிழா நடத்தலாம், வீடு வீடாக அழைப்பிதழ் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சரிவருமா?

பதில்: பெருவிழா வையுங்கள், கூட்டம் வரும். வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது. எங்கள் குழு முதன்முதலில் செய்த காரியம், 'ஆலயத்துக்கு வராதவர்கள் கவனத்துக்கு' என்று பூசை முடிவில் ஓர் அறிவிப்பு வாசித்தது. வராதவர்கள் காதில் அது எப்படி விழும் என்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்து ஒரு துண்டறிக்கை அடித்தோம். 'வழிதவறிய ஆடுகளே, திரும்பி வாருங்கள்' என்று தலைப்பு. ஒருவர் அதைப் படித்து, நாலாக மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நான் வழி தவறலம்மா. வழியில ஒருத்தர் நின்னுக்கிட்டு விடல" என்றார். நல்ல மனிதர், திட்டவில்லை.

அவர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒன்பது வருடம் நானும் அவர் நின்ற பக்கத்தில் நின்றவள். இந்தப் பகுதியில் இதுவரை அதை எழுதியதில்லை. உங்கள் கேள்விக்கு அதைச் சொல்லாமல் பதில் எழுத வரவில்லை.

1990-ல் என் தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். வயது 22. சிறு வயதில் பீடத்தில் உதவி செய்தவன். அடக்கத்துக்குக் கேட்கப் போனபோது எங்களுக்குக் கிடைத்த பதில், இப்படி இறந்தவர்களுக்குக் கோயிலில் இடமில்லை என்பதுதான். பூசை கிடையாது, மணி கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் அம்மாவே ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்தாள். அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. யாரோடும் சண்டை இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தார்கள். "ஏன் கோயிலுக்கு வர்றதில்ல?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஒரு சாமியார் சொன்னதுக்காகக் கடவுளை விட்டுடலாமா?" என்று முடித்துவிடுவார்கள். கேள்வியையும் பதிலையும் அவர்களே கொண்டுவந்து, அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் கோயில்பிள்ளை வர ஆரம்பித்தார். மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசைப் பாத்திரங்களைத் துடைத்து வைக்கும் பெரியவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் தம்பி இறந்த தேதியில் வருவார். "இன்னைக்குத் தம்பி நாள் இல்லையாம்மா" என்பார். ஒருமுறை தூபக்கலசத்தைத் தம்பி கீழே போட்டு, கரித்துண்டு சிதறி, பீடத்துக் கம்பளத்தில் ஓட்டை விழுந்த கதையைச் சொல்வார். வருடா வருடம் அதே கதைதான். வருடா வருடம் நானும் சிரிப்பேன். கோயிலுக்கு வா என்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, அவர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நானாகக் கேட்டேன்: "பூசை இப்ப எத்தனை மணிக்கு?" "மணியெல்லாம் மாறலம்மா, அதே ஆறரைதான்" என்றார். மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

1999-ல் அப்போதைய பங்குத்தந்தையிடம் தம்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்தார். தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கு கிடையாது என்று எழுதியிருந்தது 1917-ம் ஆண்டுச் சட்டம். 1983-ல் வந்த புதிய தொகுப்பில், சடங்கு மறுக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல் 1184-வது எண்ணில் இருக்கிறது. அதில் அவர்கள் இல்லை. அது நடைமுறைக்கு வந்தது 1983 நவம்பர் 27. அதாவது, என் தம்பி இறப்பதற்கு ஆறு வருடம் முன்பே போய்விட்ட ஒரு சட்டத்தைச் சொல்லி அவனை வெளியே வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2283-வது எண்ணையும் அவர் காட்டினார். இப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்கிறது அது. புத்தகத்தை மூடிவிட்டு, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார். தவறு அவர் செய்தது இல்லை. ஆனாலும் கேட்டார். அந்த வாரமே தம்பி பெயரைச் சொல்லிப் பூசை வைத்தார். அம்மா அப்போது உயிரோடு இல்லை.

இனி உங்கள் குழு. முதலில் ஆட்களைத் தேடுங்கள், நிகழ்ச்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விலகிப் போய்த் திரும்பி வந்தவர்கள் இரண்டு பேராவது குழுவில் இருக்கட்டும். ஒவ்வொரு பங்கிலும் இருப்பார்கள், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். வாக்குவாதத்தில் தோற்றே பழகாதவர்களைத் தயவுசெய்து பாடகர் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். சேர்ந்தவர்கள் முதல் மாதம் எங்கேயும் போக வேண்டாம். வாரம் ஒருநாள் வட்டமாக உட்கார்ந்து, தன் விசுவாசம் எங்கே தளர்ந்தது, எது பிடித்து நிறுத்தியது என்று ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லட்டும். ஒருவர் இருபது நிமிடம் பேசும்போது குறுக்கே பேசாமல் இருக்க முடிகிறவர்தான் வீடுகளுக்குப் போகத் தகுதியானவர். எங்கள் குழுவில் அந்தப் பரீட்சையில் முதலில் தோற்றது நான். இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. பவுலிஸ்ட் குருக்கள் சபையினர் தொடங்கிய 'லேண்டிங்ஸ்' என்ற நிகழ்ச்சியின் உயிரே இதுதான்: வந்துகொண்டிருப்பவர்கள் சிலரும் திரும்பி வர யோசிப்பவர்கள் சிலரும் ஒன்றாக உட்கார்ந்து கதை சொல்வது, கேட்பது.

பங்குத்தந்தை உங்கள் தலையில் வைத்ததைப் பாதி அவர் தலையிலேயே திருப்பி வையுங்கள். விசுவாசிகளை அறிந்துகொள்ள முயல வேண்டும், குடும்பங்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டத் தொகுப்பின் 529-வது எண் சொல்வது அவருக்குத்தான். நீங்கள் அவரிடம் கேட்டு வாங்க வேண்டிய முக்கியமான பொருள் நேரம். பூசைக்கு முன்னால் பத்து நிமிடம் மட்டும் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கேட்கிற பங்கில், பதினைந்து வருடக் கணக்கோடு வருகிறவர் என்ன செய்வார்? பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தெரிந்தவர் கண்ணில் படாமல் வந்துபோகும்படி வார நாளில் ஒரு மாலை வேண்டும். ஆலயத்தைத் திறந்துவைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கென்றே 2014 முதல் தவக்காலத்தில் நடக்கிற 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்' இதற்கு நல்ல சாக்கு.

யாரைத் தேடிப் போவது? திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் பெயர்தான் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். மறைக்கல்வி வகுப்பு வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு உள்ளே வராமல் திரும்புகிற அப்பாக்களைப் பாருங்கள். அடக்கப் பூசையில் கடைசி வரிசையில் நின்று, எப்போது உட்காருவது எப்போது எழுந்திருப்பது என்று பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்கிறவர்களைப் பாருங்கள். அன்றைக்கே போய்ப் பேசிவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து, துக்க வீட்டுக்கு ஆள் வருவது நின்றபிறகு போங்கள்.

போகும்போது இரண்டு பேராகப் போங்கள். முதலில் போன் செய்து, வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அரைமணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். நன்கொடை ரசீதுப் புத்தகம் எக்காரணம் கொண்டும் பையில் இருக்கக் கூடாது. அவர்கள் சொன்ன காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள், பேரவைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார். அது ஊரைச் சுற்றி அந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் கதவு இன்றுவரை எங்களுக்குத் திறக்கவில்லை.

பேச்சில் கோபம் வந்தால் வரட்டும். "அந்தச் சாமியார் ரொம்ப நல்லவராச்சே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நடந்தது உண்மையா என்று விசாரிக்க நீங்கள் போகவில்லை. ஒன்றே ஒன்று விதிவிலக்கு. குருவோ வேறு யாரோ பாலியல் தொல்லை கொடுத்ததாகச் சொன்னால், அதை ஆறுதல் சொல்லி முடித்துவிடாதீர்கள், நீங்களே விசாரிக்கவும் இறங்காதீர்கள். சிறுவர் சம்பந்தப்பட்டதென்றால் அரசாங்கத்தின் சட்டம் சொல்கிறபடி உடனே புகார் போக வேண்டும். இப்படிப்பட்ட புகார்களைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டமும் மக்கள் எளிதில் அணுகும்படி ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று 2019-ல் 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' என்ற ஆணையில் அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். உங்கள் மறைமாவட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று முதல் வீட்டுக்குப் போகும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதையைப் படித்துவிட்டு எல்லா வீட்டிலும் ஒரு காயத்தைத் தேடாதீர்கள். பலருக்குக் காரணமே இருக்காது. வீடு மாறியிருப்பார்கள், ஞாயிறு வேலை வந்திருக்கும், கைக்குழந்தை இருக்கும், முழங்கால் வலி இருக்கும். இவர்களுக்கு யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால் போதும்.

அப்புறம், ஒருவர் வந்துவிட்டார் என்று வையுங்கள். வாசலில் நின்று "ஆகா, யாரு வந்திருக்காங்க பாருங்க!" என்று கூவுகிற அன்பர் ஒருவர் எல்லாப் பங்கிலும் உண்டு. அவரை முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

கேள்வி: பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். என்னைச் சபைநீக்கம் செய்துவிட்டதாக உறவினர்கள் சொன்னதால், ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டேன். எனக்கு வழி உண்டா, அக்கா?

பதில்: உங்களை யாரும் சபைநீக்கம் செய்யவில்லை தங்கச்சி. உறவினர்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை. விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்தவர்களைக்கூடச் சபைநீக்கம் செய்யப்பட்டவர்களாக நடத்தக் கூடாது என்று 2015 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் பொது மறைக்கல்வி உரையில் தெளிவாகச் சொன்னார். பூசைக்குப் போகலாம், செபிக்கலாம், பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்பலாம். நற்கருணை வாங்குவது மட்டும் திருமணம் ஒழுங்காகும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம்.

நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது: இருவரில் யாருக்காவது இது இரண்டாவது திருமணமா? இல்லையென்றால் உங்கள் காரியம் நீங்கள் பயப்படுவதைவிட மிகச் சின்னது. பங்குத்தந்தை முன்னால், இரண்டு சாட்சிகளோடு, எளிமையாகச் சம்மதத்தைப் புதுப்பித்துக்கொண்டால் ஒழுங்காகிவிடும். கணவர் வேறு மதத்தவர் என்றால் ஆயரின் அனுமதியும் தேவைப்படும். "ஒருதடவை கல்யாணம் ஆயிடுச்சு, இன்னொரு தடவை எதுக்கு?" என்று கணவர் மறுத்தாலும் வழி அடைபடாது. 'சனாசியோ இன் ராதிசே' என்று இலத்தீனில் ஒன்று உண்டு, வேரிலேயே குணமாக்குவது என்று பொருள். இருவருடைய சம்மதமும் இன்றும் நிலைத்திருந்தால், அதை மீண்டும் வாங்காமலே ஆயர் திருமணத்தைச் செல்லும்படியாக்கலாம். திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1161-வது எண் முதல் பார்க்கும்படி பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். இதைக் கேள்விப்படாமலே இருபது வருடம் வெளியில் நின்ற ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். மறைமாவட்ட அலுவலகத்துக்குக் காகிதம் போய்வர ஆனது ஏழு வாரம்.

முன்பு ஆலயத்தில் நடந்த திருமணம் ஒன்று இருந்தால், அது தொடக்கத்திலேயே செல்லுபடியானதா என்பதை மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். இது திருச்சபை தரும் விவாகரத்து இல்லை. முன்பெல்லாம் இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே முடிவுக்கு வர வேண்டியிருந்தது. 2015 டிசம்பர் 8 முதல் ஒரு தீர்ப்பே போதும் என்றாகிவிட்டது. கட்டணத்தையும் முடிந்தவரை நீக்கச் சொன்னார் திருத்தந்தை பிரான்சிஸ். உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம்: விவாகரத்து மட்டும் ஆகி, மறுமணம் செய்யாமல் இருப்பவர் அந்த ஒரு காரணத்துக்காக நற்கருணையிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து 17 வருடம் ஆகிறது. மனஸ்தாப மந்திரமே மறந்துவிட்டது. உள்ளே போய் என்ன சொல்வது?

பதில்: நீங்கள் எனக்கு எழுதிய இரண்டு வரியையே சொல்லுங்கள்: "17 வருஷம் ஆச்சு சாமி, மந்திரம் மறந்துபோச்சு." மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கனமான பாவங்களை நினைவில் இருக்கிற அளவுக்குச் சொன்னால் போதும். உண்மையாகவே மறந்துபோனவையும் மன்னிப்பில் அடங்கும், பின்னால் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லிவிடுங்கள். வயதுவாரியாகப் பட்டியல் எழுதிக்கொண்டு போக வேண்டாம் (நான் போனேன், இரண்டு தாள், கண்ணீரில் ஒரு தாள் படிக்க முடியாமல் போயிற்று). நீங்கள் சொல்வது அவரைத் தாண்டி வெளியே வராது. பாவசங்கீர்த்தனத் தொட்டி சித்திரவதைக்கூடமாகிவிடக் கூடாது என்று 2013-ல் திருத்தந்தை பிரான்சிஸே குருக்களுக்கு எழுதிவிட்டார். உள்ளே யாராவது அதை மறந்து கத்தினால், பேசாமல் எழுந்து வந்து வேறு குருவிடம் போங்கள்.

கேள்வி: 24 வயது மகன் கடவுள் நம்பிக்கையே இல்லை என்கிறான். அவனிடம் பேச ஒரு நல்ல குருவை வீட்டுக்கு அழைத்து வரட்டுமா?

பதில்: புனித அகுஸ்தினாரின் அம்மா மோனிக்காவும் இதையேதான் கேட்டாள். மகனோடு வாதம் செய்து திருத்தும்படி ஓர் ஆயரிடம் போய் நின்றாள். அவர் மறுத்துவிட்டார். இப்போது சொன்னால் கேட்க மாட்டான், விட்டுவிடு, செபம் மட்டும் செய் என்றார். அவள் விடாமல் அழவே, கொஞ்சம் எரிச்சலோடு, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த மகன் அழிந்துபோக மாட்டான், போ என்று அனுப்பிவிட்டார். அகுஸ்தினாரே பின்னால் எழுதி வைத்தது இது. 387-ம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலானில் அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் ஆயர் அம்புரோஸ். அவரிடமும் அகுஸ்தினார் முதலில் போனது அவருடைய பேச்சுத்திறமையை ரசிக்கத்தான். ஆகவே குருவை அழைத்து வராதீர்கள். மகனுடைய கேள்வி என்ன என்று நீங்களே ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

கேள்வி: வேறு சபைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறவருக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது ஒருமுறைதான். உறுதிபூசுதல் வாங்காமல் விட்டிருந்தால் அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருகிறவர்கள் இருக்கைகளைப் பிடித்துக்கொள்வதால், வருடம் முழுவதும் வருகிற நாங்கள் நிற்க வேண்டியிருக்கிறது. இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லைதான். லூக்கா 15-ல், ஊதாரி மகன் கதையில் வரும் மூத்த மகனும் இதே புகாரோடுதான் வீட்டுக்கு வெளியே நின்றான். நீங்கள் உள்ளே நிற்கிறீர்கள்.

கேள்வி: உங்கள் குழுவால் இதுவரை எத்தனை பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்?

பதில்: முதல் இரண்டு வருடம் எண்ணினோம். எண்ண ஆரம்பித்ததும், யார் வீட்டுக்குப் போனால் எண்ணிக்கை சீக்கிரம் ஏறும் என்று யோசிக்க ஆரம்பித்தோம். முழங்கால் வலிக்காரர்கள் வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தோம். அதனால் நிறுத்திவிட்டோம். துண்டறிக்கையை மடித்துக் கொடுத்தாரே, அவர் வந்தாரா என்று கேட்பீர்கள். போன ஞாயிறு வந்தார். தூணுக்குப் பின்னால் நின்றார், நற்கருணை நேரத்தில் கிளம்பிப் போய்விட்டார். நான் பின்னால் ஓடவில்லை. மழை நின்றிருந்ததால் குடையை மறந்து சுவரோரமாக விட்டுப் போயிருக்கிறார். அது இப்போது என் வீட்டில் இருக்கிறது. வியாழக்கிழமை வீட்டில் இருப்பாரா என்று போன் செய்து கேட்க வேண்டும்.